கோய் மீன் வாங்க ஜப்பான் பயணம்: எந்தப் பருவம், எந்த ஊர், எந்த வயது மீன்

ஜப்பானுக்கே நேரில் போனால், அழகுக்காக வளர்க்கும் வண்ணக் கெண்டையான கோய் மீன் மலிவாகக் கிடைக்கும் என்று நம்பிப் பயணச்சீட்டு எடுப்பவர்கள் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பண்ணையாளர் சொல்லும் விலையோடு முகவரின் தரகு, ஏற்றுமதியாகும் நாள்வரை மீனை வைத்துப் பராமரிக்கும் செலவு, பெட்டிக் கட்டணம், விமானச் சரக்குக் கட்டணம், சொந்த நாட்டில் இறக்குமதி அனுமதிக்கும் தனிமைப்படுத்தலுக்கும் ஆகும் செலவு ஆகியவை சேர்கின்றன. இவற்றுக்கு மேல் நம்முடைய போக்குவரத்தும் தங்கும் செலவும் இருக்கின்றன. இரண்டு மூன்று மீன்களுக்காக இத்தனையும் செய்தால், அதே தரமுள்ள மீனை உள்ளூர் இறக்குமதியாளரிடம் வாங்குவதைவிடக் கூடுதலாகவே செலவாகும். ஆகவே பணத்தை மிச்சப்படுத்துவது இந்தப் பயணத்துக்குக் காரணமாக இருக்க முடியாது.

நேரில் போவதால் கிடைப்பது வேறொன்று. ஒரே தாய்மீனின் முட்டைகளிலிருந்து வந்த நூறு மீன்கள் ஒரே தொட்டியில் நீந்துவதைப் பண்ணையில் மட்டுமே காண முடியும். இறக்குமதியாளர் நமக்குக் காட்டுவது அவர் தேர்ந்தெடுத்து வந்த ஐந்து மீன்களை. பண்ணையில் நாம் காண்பது அவர் விட்டுவந்த தொண்ணூற்றைந்தையும் சேர்த்து. எதை விட்டார், ஏன் விட்டார் என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒரு மீனைப் பற்றிச் சொந்தமாக முடிவெடுக்கும் கண் உருவாகிறது. தாய்மீனையும் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டால், கையளவுக் குஞ்சு நாளை எந்த உடல்வாகுக்கு வளரும் என்று ஓரளவு ஊகிக்கலாம். இந்தப் பயனை எது அதிகமாகத் தருகிறது என்பதை வைத்தே கீழ்க்காணும் வழிகளை எடை போடுகிறேன். அக்டோபர் இறுதியில் ஒரு முறையும் பிப்ரவரியில் ஒரு முறையும் ஜப்பானின் நீகாட்டா மாகாணத்துக்குச் சென்று வந்ததில், ஊரைவிடவும் முகவரைவிடவும் பருவமே பயணத்தின் தன்மையை முதலில் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதலில் நீகாட்டாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்த மாகாணத்தில் நாகாஓகா, ஒஜியா ஆகிய நகரங்களை ஒட்டி எழும் மலைப்பகுதிதான் கோய் மீனின் பிறந்தகம். இருபது ஊர் நாடு என்று பொருள்படும் நிஜுமுராகோ என்ற பழைய பெயர் அந்த வட்டாரத்துக்கு உண்டு. மலைச்சரிவை வெட்டி அடுக்கடுக்காக நெல்வயல்களும், அவற்றுக்கு நீர் பாய்ச்ச மேட்டில் சிறு குளங்களும் அமைத்தார்கள். பனி மூடினால் வெளியூர்த் தொடர்பே அற்றுப்போகும் அந்த ஊர்களில் உணவுக்காக வளர்த்த கருங்கெண்டைகளிடையே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறம் மாறிய குஞ்சுகள் தோன்றின. உழவர்கள் அவற்றைத் தனியே எடுத்து வளர்த்ததில் தொடங்கியதுதான் இந்தத் தொழில். 1914இல் டோக்கியோவில் நடந்த பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பிறகே நாட்டின் மற்றப் பகுதியினர் இம்மீன்களை அறிந்துகொண்டார்கள். கறுப்பு உடலில் சிவப்பும் வெள்ளையும் படர்ந்த ஷோவா வகை 1927இல் இதே மலையில்தான் உருவானது.

2004 அக்டோபர் 23 அன்று, மீன்களைக் குளத்திலிருந்து ஏற்றும் பருவத்தின் நடுவில், 6.8 அளவுள்ள நிலநடுக்கம் இந்த வட்டாரத்தைத் தாக்கியது. யாமகோஷி ஊர் மக்கள் அனைவரும் ஹெலிகாப்டர்களில் வெளியேற்றப்பட்டார்கள். குளங்களின் கரைகள் சரிந்து எண்ணற்ற மீன்கள் மடிந்தன. எஞ்சிய தாய்மீன்களில் சிலவும் பின்னர் வான்வழியாகவே மீட்கப்பட்டன. பல தலைமுறைகளாகக் காத்துவந்த குடிவழி ஒன்று ஒரே இரவில் அழிந்துபோகலாம் என்று கண்டவர்கள் அங்குள்ள மூத்த பண்ணையாளர்கள். ஒரு மீனைக் கையில் ஏந்தும்போது அவர்கள் காட்டும் நிதானத்தைப் பார்க்கையில் எனக்கு அந்த ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது.

இந்த வரலாறு வாங்குபவருக்கு ஏன் தேவை என்றால், நீகாட்டாவின் தொழிலமைப்பு இதிலிருந்தே வந்தது. பெரும்பாலானவை குடும்பப் பண்ணைகள். வீட்டை ஒட்டி ஒரு பசுமைக்குடில், அதற்குள் சில சிமெண்டுத் தொட்டிகள், மலையில் அங்கங்கே சில மண்குளங்கள் என்பதே அவற்றின் அளவு. ஒரு வீடு வெள்ளை உடலில் சிவப்புத் திட்டுகள் உள்ள கோஹாகுவுக்குப் பெயர் பெற்றிருக்கும், அடுத்த வீடு ஷோவாவுக்கு, மூன்றாவது வீடு ஓகோன் போன்ற ஒற்றைநிற மீன்களுக்கு. காரில் சென்றால் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சில நிமிடங்களே ஆகும் என்பதால் ஒரே நாளில் ஐந்தாறு பண்ணைகளைப் பார்த்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடிகிறது. டோக்கியோவிலிருந்து ஜோஎட்சு ஷின்கான்சென் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் நாகாஓகா வந்துவிடலாம் என்பதும் ஒரு வசதி.

மேற்கு ஜப்பானின் நிலை இதற்கு மாறானது. ஹிரோஷிமாவின் சகாய் மீன்பண்ணை, கறுப்பும் வெள்ளையும் மட்டுமே உள்ள ஷிரோ உத்சுரி வகைக்குப் பெயர் பெற்ற ஒமோசாகோ, ஒகாயாமாவின் மொமோதாரோ போன்றவை பெரிய நிறுவனங்கள். உலகின் மிக விலையுயர்ந்த கோய் என்று பேசப்பட்ட, 2018இல் ஏலத்தில் 20 கோடி யென்னுக்கு மேல் போன கோஹாகு, சகாய் பண்ணையில் வளர்ந்ததுதான். பெரிய உடலும் போட்டித் தரமும் வேண்டுவோர், ஓரிரு பெண்மீன்களுக்காகப் பெருந்தொகை ஒதுக்கியவர்கள், அங்கே செல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் பண்ணைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம். ஒரு நாளில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு ஷின்கான்சென்னிலேயே ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். முதல் பயணத்திலேயே இரண்டு பகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட நினைப்பவர்கள் மீன்களைவிட ரயில் நிலையங்களைத்தான் அதிகம் பார்ப்பார்கள். கண்ணைப் பழக்குவதே முதல் பயணத்தின் நோக்கம் என்று கொண்டால் நீகாட்டாவே சரி. இதில் எனக்குத் தயக்கமில்லை.

பருவத்துக்கு வருவோம். மே இறுதியிலும் ஜூனிலும் மலைக்குளங்களில் விடப்படும் மீன்கள், கோடை முழுவதும் கலங்கிய நீருக்குள் யார் கண்ணுக்கும் படாமல் வளர்கின்றன. எனவே கோடை விடுமுறையில் போனால் பார்ப்பதற்குப் பெரும்பாலும் காலித் தொட்டிகளும் பழுப்பு நீரும்தான் இருக்கும். செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை ஒவ்வொரு குளமாக வடித்து மீன்களை மேலேற்றுகிறார்கள். இகேஆகே என்று இதற்குப் பெயர். நெல்லறுவடையை ஒட்டி வரும் இன்னோர் அறுவடை என்றே இதைச் சொல்லலாம்.

அந்தக் காட்சியை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று சொல்வேன். விடியும் முன்பே நீர் வடியத் தொடங்கியிருக்கும். மார்பளவு ரப்பர் உடையணிந்தவர்கள் இடுப்பளவுச் சேற்றுநீரில் வரிசையாக நின்று வலையை இழுக்கிறார்கள். வலை குறுகக் குறுக, பழுப்பு நீரில் முதலில் ஒரு சிவப்பும், பிறகு ஒரு வெள்ளையும் மின்னி மறைகின்றன. பெரிய மீன்களை உலர்ந்த வலையில் தூக்குவதில்லை. குழாய் போன்ற நீண்ட துணிவலைக்குள் தலை முதலில் போகும்படி நுழைய விட்டு, நீரோடு சேர்த்து ஏந்தி, கைக்குக் கை மாற்றி மேட்டுக்குக் கொண்டுவந்து, ஆக்சிஜன் செலுத்தும் தொட்டி பொருத்திய சிறு லாரியில் இறக்குகிறார்கள். பண்ணையாளரே அந்த மீனை நான்கைந்து மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறார். வசந்தத்தில் அவர் கொண்டிருந்த எதிர்பார்ப்பு பலித்ததா, பொய்த்ததா என்பது அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்ற அரை மணி நேரத்தில் நான் கற்றது, அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் படங்களைப் பார்த்துக் கற்றதைவிட அதிகம்.

ஆயினும் அறுவடையைப் பார்ப்பதும் அறுவடையில் வாங்குவதும் வேறுவேறு. அக்டோபர் நடுப்பகுதியில் உலகின் பல நாடுகளிலிருந்து வியாபாரிகள் அங்கே குவிகிறார்கள். பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாங்கிவருபவர்களுக்கு முதல் தேர்வு போய்விடுகிறது. மிகச் சிறந்தவற்றைப் பண்ணையாளரே இன்னும் ஓராண்டு வளர்க்க வைத்துக்கொள்கிறார். எதிர்காலம் உள்ள அத்தகைய மீனுக்கு தாதேகோய் என்று பெயர். புதியவர் காண்பது இவை இரண்டும் போக மிஞ்சியதை. அது தாழ்ந்தது என்று பொருளல்ல, ஆனால் பின்னால் நிற்கும் வியாபாரி எடுத்துவிடுவாரோ என்ற அச்சத்தில் ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்கும் நிலை வந்துவிடுகிறது. இன்னொன்று, குளத்திலிருந்து அன்றே ஏறிய மீன் தன் உண்மையான நிலையைக் காட்டுவதில்லை. இயற்கை இரையைத் தின்று உடல் நிறைந்திருக்கும். வலையின் உராய்வால் தோலில் செம்மை படர்ந்திருக்கும். ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும். தெளிந்த நீரில் இரண்டு மூன்று வாரம் இருந்து, மருந்துக் குளியல் முடிந்த பிறகுதான் அதன் சிவப்பும் வெள்ளையும் நிலைக்கு வரும்.

ஆகவே இலையுதிர் காலத்தில்தான் போக வேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்கு, அக்டோபர் நடுப்பகுதியைவிட நவம்பர் முதல் பத்து நாள்களைப் பரிந்துரைக்கிறேன். முன்னதாக ஏற்றிய இரண்டு வயது மீன்கள் அப்போது தொட்டிநீருக்குப் பழகியிருக்கும். பெரிய மீன்கள் உள்ள சில குளங்கள் இன்னும் வடிக்கப்படாமல் இருக்க வாய்ப்புண்டு என்பதால் அறுவடையையும் பார்த்துவிடலாம். கூட்டமும் குறைந்திருக்கும். மழையும் குளிரும் மட்டும் கூடுதலாக இருக்கும். அதற்கேற்ற காலணியும் மேலாடையும் எடுத்துச் சென்றால் போதும்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரையிலான காலம் முற்றிலும் வேறு அனுபவம். மலையூர்களில் ஆள் உயரத்துக்கு மேல் பனி குவிந்து கிடக்கும். ஆனாலும் சாலைகளை இடைவிடாமல் துப்புரவு செய்கிறார்கள், ரயிலும் ஓடுகிறது. மீன்கள் அனைத்தும் பசுமைக்குடிலுக்குள் தெளிந்த நீரில் இருக்கின்றன. பண்ணையாளருக்கு நேரம் இருக்கிறது. தேநீர் கொடுத்து உட்கார வைத்து, ஒரே தொட்டியிலிருந்து பத்து மீன்களை நீலத் தொட்டியில் எடுத்துவிட்டு, நாம் எதைத் தேர்கிறோம் என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேள்வி கேட்டால் விடை கிடைக்கிறது. ஜப்பானின் மிகப் பெரிய கோய் போட்டி ஜனவரி இறுதியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ நடப்பது வழக்கம் என்பதால், அதையும் பயணத்தோடு இணைத்துக்கொள்ளலாம். வென்ற மீன்களை முதலில் பார்த்துவிட்டு அவற்றின் தங்கைகளைப் பண்ணையில் பார்ப்பது மிக நல்ல வரிசை. குறை ஒன்றுதான்: முந்தைய இலையுதிர் காலத்திலேயே பெரிய மீன்களில் பெரும்பாலானவை விற்றுப்போயிருக்கும். முந்தைய கோடையில் பொரித்த, ஓராண்டு நிரம்பாத தோசாய் மீன்களே அப்போது மிகுதி.

எனவே பருவத்தைத் தேர்வது மீனின் வயதைத் தேர்வதாகவும் ஆகிவிடுகிறது. இந்த இடத்தில்தான் பலர் பெருந்தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன்.

ஒரு தாய்மீன் பல இலட்சம் முட்டை இடுகிறது. பொரித்த குஞ்சுகளைப் பண்ணையாளர் முதல் கோடையிலேயே மூன்று நான்கு முறை கழிக்கிறார். ஷோவாவில் பொரித்த சில நாள்களுக்குள்ளேயே கரிய குஞ்சுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுவார்கள். இப்படி மிஞ்சும் மிகச் சிறு பகுதிதான் தோசாயாக நம் முன் நீந்துகிறது. அந்த வயதில் ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்வது கடினம். ஆண்மீன் வேகமாக நிறம் முற்றி, சிறு வயதிலேயே அழகாகத் தெரியும். பெண்மீனின் சிவப்பு இன்னும் இளம் ஆரஞ்சாக இருக்கும், கறுப்பு தோலுக்கடியில் நீல நிழலாக மட்டும் தெரியும். ஆனால் பெரிய உடலும் நெடுநாள் நிலைக்கும் நிறமும் பெண்ணுக்கே பெரும்பாலும் வாய்க்கின்றன.

என் முதல் பயணத்தில் ஒரு சான்கே தோசாயைத் தேர்ந்தேன். பனி போன்ற வெள்ளையில் முற்றிய சிவப்பும், மை தெறித்தது போன்ற கறுப்புப் பொட்டுகளுமாக, சிறு உருவிலேயே முழுமை பெற்ற மீன் அது. பண்ணையாளர் சற்றுத் தயங்கிவிட்டு, அதே தொட்டியில் இருந்த வேறொன்றைச் சுட்டிக் காட்டினார். அதன் கறுப்பு மங்கி, நீரில் கரைந்த சாம்பல் போல இருந்தது. உடல் மட்டும் தலைக்குப் பின்னால் அகன்றிருந்தது. எனக்கு அது கண்ணில் நிற்கவேயில்லை. நான் வாங்கியது ஆண் என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் சிவப்பின் ஓரங்கள் உடையத் தொடங்கின, மூன்றாம் ஆண்டில் வளர்ச்சி நின்றது. அந்த மீனை நான் இன்னும் அன்போடு வளர்க்கிறேன். ஆனால் தோசாயில் முடிந்த அழகை வாங்கக் கூடாது, இனி முடியப்போகும் அழகை வாங்க வேண்டும் என்பதை அது எனக்குக் கற்பித்தது. சிவப்புத் திட்டின் தலைப்பக்க ஓரத்தில், வெள்ளைச் செதிலுக்கடியில் இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதிக்கு சாஷி என்றும், பின்பக்க ஓரத்தின் கூர்மைக்கு கிவா என்றும் பெயர். இளம் பெண்மீனில் சாஷி அகலமாக இருப்பது, அந்தச் சிவப்பு இன்னும் முற்ற வேண்டியிருக்கிறது என்பதற்கு அடையாளம். வெள்ளை மட்டும் இளமையிலேயே தூய்மையாக இருக்க வேண்டும்; மஞ்சள் படிந்த தோல் பின்னாளில் வெளுக்கும் என்று நம்புவது ஆபத்து.

இரண்டு வயதை ஒட்டிய நிசாய் மீன் இந்த ஐயங்களில் பாதியைத் தீர்த்துவிடுகிறது. பால் தெரிந்துவிடும், எலும்புக்கூட்டின் அமைப்பு தெரிந்துவிடும், கறுப்பு எங்கே நிற்கப்போகிறது என்பது ஓரளவு வெளிப்பட்டுவிடும். விலை தோசாயைவிடப் பல மடங்கு கூடும். ஆனால் ஐந்து தோசாய் வாங்கி அவற்றில் நான்கு பொய்ப்பதைவிட, ஒரு பெண் நிசாய் வாங்குவது நல்லது என்பது என் கருத்து. சன்சாய், அதாவது மூன்று வயது மீன், அநேகமாக முடிந்த மீன். அதை வாங்குபவர் எதிர்காலத்துக்காக அல்லாமல், கண்முன் இருக்கும் அழகுக்காகவே விலை கொடுக்கிறார். அறுபது சென்டிமீட்டர் மீனுக்குத் தகுந்த ஆழமும் வடிகட்டியும் இல்லாத குளத்தில் அதை விடுவது அந்த மீனுக்குச் செய்யும் அநீதி.

வெப்பநாட்டு வாசகர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோய் மீனுக்குக் குளிர்கால ஓய்வு கிடையாது. ஆண்டு முழுவதும் தின்று வளர்வதால் நிறமும் வடிவமும் ஜப்பானில் ஆவதைவிட விரைவில் முடிந்துபோகின்றன. நீகாட்டாவின் பனி உருகிய மென்னீரில் வளர்ந்த மீன், ஆழ்துளைக் கிணற்றின் கடினநீருக்கு வந்ததும் கறுப்பு விரைவாக மேலெழும்பும் என்பது வளர்ப்போர் பலரின் அனுபவம். இதனால் நம் பக்கத்துக்குக் கறுப்பு ஏற்கெனவே நிறைந்த ஷோவாவைவிட, கறுப்பு இன்னும் உறங்கும் ஷோவாவும், சிவப்புத் திட்டு தடிப்பாக அமைந்த கோஹாகுவும் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

யாரோடு செல்வது என்பதில் மூன்று வழிகள் பேசப்படுகின்றன, ஆனால் உண்மையில் இரண்டே. தனியாகச் சென்று கதவைத் தட்டினால் சில வீடுகளில் அன்போடு வரவேற்பார்கள். மீனைக்கூடக் காட்டுவார்கள். ஆனால் வாங்கிய மீனை நாட்டைவிட்டு அனுப்ப, நலச்சான்றிதழ் பெற்றுத் தரக்கூடிய ஏற்றுமதியாளர் ஒருவர் வேண்டும். அவர் இல்லாமல் வாங்கும் பேச்சே எழாது. எனவே ஜப்பானில் உள்ள முகவரோடு செல்வதா, நம் நாட்டு இறக்குமதியாளர் ஆண்டுதோறும் அழைத்துச் செல்லும் குழுவோடு செல்வதா என்பதே கேள்வி. குழுவில் செலவு பகிரப்படுகிறது, திரும்பி வந்த பிறகு மீனுக்கு ஏதும் நேர்ந்தால் கேட்க உள்ளூரிலேயே ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் பழகிய வீடுகளையே நாமும் பார்ப்போம், அவருடைய வாங்கல் முடியும்வரை காத்திருப்போம். தனி முகவர் நம் விருப்பத்துக்கேற்ற வீடுகளுக்கு அழைத்துச் செல்வார். செலவு முழுவதும் நம்முடையது. மொழி தெரியாத முதல் பயணத்துக்குக் குழுவும், என்ன வேண்டும் என்று தெளிந்த இரண்டாம் பயணத்துக்கு முகவரும் பொருந்தும்.

யாரோடு சென்றாலும் சில ஒழுங்குகள் உண்டு. கேட்காமல் வலையை எடுக்கக் கூடாது, தொட்டிநீரில் கை விடக் கூடாது. ஒரு பண்ணையின் நீர் பட்ட கையோடு அடுத்த பண்ணைக்குள் செல்வது அவர்களுடைய பிழைப்போடு விளையாடுவதாகும். விலையை முகவர் மூலமே கேட்க வேண்டும். காய்கறிச் சந்தையில் பேசுவதுபோல் பேரம் பேசினால், அடுத்த தொட்டியின் மூடி திறக்கப்படாமலே போகலாம்.

வாங்கிய மீனை உடனே அனுப்புவதா, அங்கேயே ஒரு கோடைக்கு விட்டுவைப்பதா என்பது அடுத்த முடிவு. அஸுகாரி என்னும் இந்த முறையில் நம் மீன் பண்ணையாளரின் மண்குளத்தில் ஜூனிலிருந்து அக்டோபர்வரை வளர்கிறது. கனிமச் செறிவுள்ள சேறும் இயற்கை இரையும் தரும் வளர்ச்சியை நம் சிமெண்டுக் குளம் தர முடியாது. பிப்ரவரியில் பெண் என்று தோன்றும் ஒரு நல்ல தோசாயைத் தேர்ந்து அஸுகாரியில் விட்டு, நவம்பரில் நிசாயாக எடுத்துக்கொள்வது மிகவும் ஈர்ப்பான திட்டம். ஆனால் கோடையில் நாரை கொத்தினாலும், நோய் வந்தாலும், வடிவம் சிதைந்தாலும் இழப்பு வழக்கமாக வாங்கியவருடையதே. இந்த நிபந்தனையை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். இழந்தால் வருந்தலாம், ஆனால் குடும்பச் செலவு தடுமாறக் கூடாது என்னும் அளவுக்குள் மட்டுமே இதில் இறங்கலாம்.

நோயைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2003இல் ஜப்பானின் கசுமிகௌரா ஏரியில் உணவுக்கு வளர்த்த கெண்டைகள் கோய் ஹெர்பெஸ் வைரஸ் நோயால் பெருமளவில் மடிந்தன. அதன் பிறகே ஏற்றுமதிப் பண்ணைகள் மீதான பரிசோதனை கடுமையானது. இந்நோய் ஏறத்தாழ 16 முதல் 28 பாகை வெப்பமுள்ள நீரில் வெளிப்படுகிறது. அதற்குக் கீழே கிருமி உறங்கிக் கிடக்கலாம். குளிர்ந்த நீரிலிருந்து பிப்ரவரியில் வாங்கிய மீன் நலமாகத் தெரிவது மட்டும் போதாது என்பதற்கு இதுவே காரணம். சான்றிதழ் இருந்தாலும், நம் ஊர் வந்ததும் பழைய மீன்களோடு கலக்காமல் தனித்தொட்டியில் மிதமான வெப்பத்தில் சில வாரங்கள் வைத்துப் பார்ப்பதை யாரும் தவிர்க்கக் கூடாது. உயிர்மீன் இறக்குமதிக்கு அரசின் முன் அனுமதி இந்தியாவில் கட்டாயம். அந்த அனுமதியுள்ள இறக்குமதியாளரோடு எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். மீனை வாங்கிவிட்டு வழி தேடினால், நாம் இங்கே தாள்களுக்காக அலைய, அது அங்கே மாதக்கணக்கில் வாடகைத் தொட்டியில் கிடக்கும்.

இனி, போகாமலே வாங்குவது. காணொளியைப் பார்த்தோ இணைய ஏலத்திலோ வாங்குவதை நான் தாழ்வாக நினைக்கவில்லை. சாகோய், ஓகோன் போன்ற ஒற்றைநிற மீன்களில் பார்க்க வேண்டியது உடல்வாகும் தோலின் சீர்மையும்தான். மேலிருந்து எடுத்த தெளிவான காணொளியில் இவற்றைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். பால் உறுதிசெய்யப்பட்ட நிசாயை, பல ஆண்டுகள் பழகிய இறக்குமதியாளர் தேர்ந்து அனுப்பினால், அவர் கண் நம் கண்ணைவிடத் தேர்ந்தது என்று ஒப்புக்கொள்வதில் இழுக்கில்லை. கோஹாகு, சான்கே, ஷோவா ஆகிய மூன்றின் தோசாயை மட்டும் காணொளியில் வாங்க மாட்டேன். வெயில் ஒளியில் மஞ்சள் தோலும் வெண்மையாகத் தெரியும், சாஷியின் ஆழம் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் உடன்பிறந்த மீன்கள் இல்லாமல் ஒன்றை மட்டும் பார்த்தால் எதுவும் அழகாகத்தான் தெரியும். விடுமுறை ஆகஸ்டில் மட்டுமே கிடைக்கும் என்பவருக்கு, அந்த மாதத்தில் ஜப்பான் செல்வதைவிட நம்பகமான இறக்குமதியாளரிடம் நவம்பரில் மீன் கேட்டு வைப்பது மேல்.

இத்தனையையும் எடை போட்ட பிறகு, முதல் முறை செல்லும் ஒருவர் என்னிடம் கேட்டால் நவம்பர் முதல் வாரத்தில் நான்கு நாள், நாகாஓகாவிலேயே தங்கி, ஒரு பெண் நிசாய்க்கு மட்டும் பணம் ஒதுக்கிக்கொண்டு போகச் சொல்வேன். முதல் நாள் காலை ஒஜியாவில் உள்ள நிஷிகிகோய் நோ சாதோ கூடத்தில் எல்லா வகைகளின் முதிர்ந்த மீன்களையும் பார்த்துவிட வேண்டும். முடிந்த மீன் எப்படி இருக்கும் என்று தெரியாமல் முடியாத மீனைத் தேர முடியாது. அன்று பிற்பகலும் அடுத்த இரண்டு நாள்களும் பண்ணைகளைச் சுற்றலாம், ஆனால் எதையும் வாங்கக் கூடாது. பார்த்தவற்றைப் படம் எடுத்து, வீட்டின் பெயரையும் விலையையும் எழுதிக்கொண்டு, இரவில் அறைக்கு வந்து அடுக்கிப் பார்க்க வேண்டும். நான்காம் நாள் காலையில், படத்தைப் பார்க்காமலே நினைவுக்கு வரும் மீன் எந்த வீட்டில் இருந்ததோ அந்த வீட்டுக்குத் திரும்பிச் சென்று, அதே தொட்டியின் மற்ற மீன்களோடு சேர்த்து அதை இன்னொரு முறை நீலத் தொட்டியில் விடச் சொல்லிக் கேளுங்கள். இதற்குள் வேறொருவர் வாங்கிப் போயிருந்தால், பண்ணையாளரிடம் அந்தத் தாய்மீனின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிப்ரவரியில் அதன் தோசாய் இருக்குமா என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.